பத்து வீட்டுப் பெஞ்சு

எங்கள் ஊரில் ஏழை யார் என்று தெரிந்துகொள்ள வீடு வீடாக அலைய வேண்டாம். ஊர்க்கூட்டத்துக்கு வந்தால் போதும். ஊராட்சிக் கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் நீளமாக ஒரு மரப் பெஞ்சு கிடக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் ஊரிலேயே பரம ஏழைகள். மற்ற இடங்களில் முன்வரிசை பெரிய மனிதர்களுக்கு. இங்கே பெரிய மனிதர்கள் பெஞ்சுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, தங்கள் முறை எப்போது வரும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டைச் செய்தது நான் இல்லை, எனக்கு முன்பு தலைவராக இருந்தவர். அதற்கு ஒரு சைக்கிள்தான் காரணம். முன்பெல்லாம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். தெருவில் நடந்தபடியே வறுமையை அளந்துவிடுவார். ஒருமுறை ஒரு வீட்டுச் சுவரில் சைக்கிள் சாய்ந்திருப்பதைப் பார்த்து, "இந்த வீடு முன்னேறிவிட்டது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பிறகு விசாரித்தால், சைக்கிள் அவர் கூடவே வந்த உதவியாளருடையது.

பழைய தலைவருக்கு வந்ததே கோபம். இனி எங்கள் ஊர் ஏழையை நாங்களே சொல்கிறோம் என்று ஊரைக் கூட்டிவிட்டார். எல்லார் முன்னாலும் பேசிப் பேசி, அடியில் கிடக்கும் பத்து வீடுகளைப் பொறுக்கியெடுத்தார்கள். கூரையோ, ஆடோ, கூலி வேலையோ, எது வந்தாலும் முதலில் அந்தப் பத்து வீட்டுக்கு. கூட்டத்தில் முதலில் பேசுவதும் அவர்கள்தான். பேசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகட்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும் என்றார். ஒரு வீடு முன்னேறிவிட்டதா இல்லையா என்பதை மட்டும் எவனும் வெளியிலிருந்து சொல்லக் கூடாது. அந்த வீட்டு ஆளே எழுந்து நின்று, "எங்க வீடு மேல வந்துடுச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த இடம் அடுத்த வீட்டுக்குப் போகும். வருடத்துக்கு ஒரு முறை, மேலிடத்து ஆய்வாளர் வரும் கூட்டத்தில் மட்டும்தான் இந்த மாற்றம் நடக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அதைக் கட்டி மேய்ப்பவளுக்குத்தான் தெரியும்.

நான் மாவு மில் வைத்திருப்பவள். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்று எனக்குக் கத்திப் பேசித்தான் பழக்கம். கல்லாவுக்கு நேர் எதிரே நிற்பவர் சொல்வது காதில் விழும். அவருக்குப் பின்னால் நிற்பவரின் வாயசைவு மட்டும் தெரியும். "ஊர்க்காதைச் செவிடாக்கித்தானே ஓட்டு வாங்கினே" என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும். எனக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. இந்த வருடம் என் சோற்றைக் கெடுத்தவள் ஊசியக்கா.

அவள் தையல்காரி. தொழிலுக்காக வைத்த பட்டப்பெயர்தான், ஆனால் அவள் நாக்குக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. பத்து வீட்டைப் பொறுக்கியபோது முதலில் விழுந்த பெயர் அவளுடையது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, ஒழுகுகிற ஒற்றை அறையில் கிழிசல் தைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். ஊராட்சி ஒரு தையல் மிஷின் கொடுத்தது. இன்று அந்த அறையை இடித்துக் கட்டி ஓடு போட்டிருக்கிறாள். நான்கு மிஷின் ஓடுகிறது. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சீருடை அவள் வீட்டிலிருந்துதான் போகிறது. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் பெஞ்சின் நடுவில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருக்கிறாள். போன வருடம் ஆய்வாளர் தன் மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார்: "எல்லாத்துலயும் முழு மார்க் வாங்கின ஏழையை இப்பத்தான் மேடம் பாக்கறேன்."

அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. காரணம், கொத்தனார் வீடு.

கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த இடம் காலியானால் அது அவர்களுக்கு என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. ஆனால் இடம் காலியாக வேண்டுமே. இந்தக் கூட்டத்திலும் இல்லையென்றால், புருஷனை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, எங்கோ கண்காணாத செங்கல் சூளைக்குப் போவதாக அவர் மனைவி சொல்லிவிட்டாள். ஆள் பிடிக்கிறவன் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். அவளுக்கு இரண்டு பெண்கள். சூளையில் பள்ளிக்கூடமா இருக்கப் போகிறது? அந்தப் பிள்ளைகளும் கல் அடுக்கும்.

பெஞ்சில் இருந்த மற்ற ஒன்பது வீடும் உண்மையிலேயே இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தன. எழுந்திருக்க வேண்டியவள் ஒருத்திதான்.

"பேராசை" என்றார் என் வீட்டுக்காரர். "சும்மா வர்றதை யாரு விடுவா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எதற்கும் கேட்டுவைப்போம் என்று ஊராட்சி எழுத்தரிடம் போய், ஊசியக்கா இதுவரை என்னென்ன வாங்கியிருக்கிறாள் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"மிஷின், கூரை. அதோட சரி. அப்புறம் ஆடு வந்துச்சு, வேணாம்னுட்டாங்க. அரிசியும் வேணாம்னுட்டாங்க. எல்லாத்தையும் பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குத் தள்ளிவிட்டுடறாங்க."

"அப்ப எதுக்கு அங்க உக்காந்திருக்காங்க?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்" என்றார். அவர் ஒரு நாளும் எதையும் யோசித்ததில்லை.

ஒன்றும் வாங்காமல், ஒன்றும் தேவைப்படாமல், ஊரே பார்க்க ஏழை என்று உட்கார்ந்திருக்க ஒருத்திக்கு என்ன ஆசை? ஏழை என்பது பட்டமா பதவியா? மண்டை குடைச்சல் தாங்கவில்லை. மறுநாளே மில்லை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, நன்றாக இருந்த ரவிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு ஊசியக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனை. மூன்று பெண்கள் மிஷினில் குனிந்திருந்தார்கள். தரையில் நீலத்துணி வெட்டுகள் குவியலாகக் கிடந்தன. சுவரில் ஆணிக்கு ஆணி காகித அளவுகள் தொங்கின. ஊசியக்கா பெரிய மேசையில் சோப்புக் கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே ரவிக்கையை வாங்கி, ஒரு புரட்டுப் புரட்டினாள்.

"இதுல ஒண்ணும் கெடலையே. என்ன விஷயம், நேரா சொல்லு."

சொல்லிவிட்டேன். கொத்தனார் வீட்டையும் சூளையையும் சொன்னேன். குரல் வழக்கம்போல உயர்ந்துவிட்டது, மிஷின்கள் நின்றுபோயின.

"நீங்க ஏன்டி நிறுத்தறீங்க? தைங்க" என்று பெண்களை விரட்டினாள். பிறகு சோப்புக் கட்டியைக் கீழே வைத்தாள். "இந்த ஊர்ல எத்தனை வருஷமா நான் கூட்டத்துக்கு வர்றேன் தெரியுமா? நீ பாவாடை கட்டிக்கிட்டிருந்த காலத்துலேர்ந்து."

"சரிக்கா."

"பின்னாடி நிப்பேன். என் வீட்டு வாசல்ல சாக்கடை தேங்குது, ஒரு கால்வாய் வெட்டிக் குடுங்கன்னு கேப்பேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் கேப்பேன். எனக்கா குரல் இல்ல? இந்தத் தெருவுல கேட்டா அடுத்த தெருவுல கொழந்தை முழிச்சுக்கும். ஆனா கூட்டத்துல மட்டும் யார் காதுலயும் விழாது. அப்புறம் ஊர்ல பரம ஏழைன்னு என்னைக் கூப்பிட்டு முன்னாடி உக்கார வெச்சீங்க. அன்னிக்கும் அதே சாக்கடையைத்தான் கேட்டேன். அடுத்த மாசம் கால்வாய் வந்துடுச்சு."

அவள் என் ரவிக்கையை மடித்து என் கையில் வைத்தாள்.

"மிஷின் குடுத்தீங்க, கூரை குடுத்தீங்க, மறக்க மாட்டேன். அது இல்லாட்டியும் நான் எப்படியாவது பொழச்சிருப்பேன். ஆனா கேட்டா பதில் வந்துச்சு பாரு, அது எனக்குப் புதுசு. அந்தப் பெஞ்சை விட்டு எழுந்தா திரும்பப் பின்னாடிதான். பணம் வந்துடுச்சுன்னு வாயை மூடிக்கச் சொல்றியா?"

கூரை, கழிப்பறை, அடுப்பு, பள்ளிக்கூடம் என்று ஆய்வாளரின் அட்டையில் ஒரு கேள்வி விடாமல் இருக்கும். இது அதில் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"அக்கா, இப்ப நான் தலைவி. நீ எங்க உக்காந்து கேட்டாலும் நான் கேப்பேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"பிள்ளைங்களை எதுக்கு இழுக்கறே? பாக்கலாம்" என்று மறுபடி கோடு போட ஆரம்பித்தாள். மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினேன்.

கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. ஆய்வாளர் மேசையில் அட்டையை விரித்துவைத்திருந்தார். பெஞ்சில் ஒன்பது பேர். நடுவில் ஓர் இடம் காலி. கூட்டத்தைத் துழாவிப் பார்த்தேன். ஊசியக்கா கடைசி வரிசையில், கொத்தனார் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோனது. பிடிவாதக்காரியை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவர் ஜன்னலோரம் நின்று சிரித்தார்.

ஒன்பது பேரும் பேசி முடித்தார்கள். அடுத்து மற்றவர்கள். உரக்கடைக்காரர் எழுந்தார். அவர் எழுந்தால் உட்கார்வது அபூர்வம். தன் கடைக்கு முன்னால் லாரி திரும்ப முடியவில்லை என்று ஆரம்பித்து, சாலைகளின் வரலாற்றையே சொன்னார். பின்னால் ஊசியக்கா கை தூக்கியிருப்பதைப் பார்த்தேன். "இருக்கா, வர்றேன்" என்றேன். உண்மையாகவே வருவதாகத்தான் நினைத்தேன். அதற்குள் ஓய்வுபெற்ற வாத்தியார் நூலகத்தைப் பற்றித் தொடங்கினார். அவர் முடிக்கவும் உரக்கடைக்காரர், வாத்தியாருக்குப் பதில் சொல்ல மறுபடி எழுந்தார். முன்னால் இருப்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். அவருக்குப் பஸ் போய்விடும். எனக்கோ பட்டியல் நினைப்பு. கொத்தனார் வீட்டுப் பெயரை எழுதிவிட்டால் போதும், பிள்ளைகள் தப்பித்துவிடும்.

"சரி, வேற யாரும் இல்லல்ல? பட்டியலுக்குப் போவோம்" என்று மில் குரலில் அறிவித்தேன். "ஊசியக்கா, எழுந்து ஒரு வார்த்தை சொல்லுக்கா."

அவள் எழுந்தாள். அவளுடைய வலது கை இன்னும் தலைக்கு மேலே தூக்கியபடியே இருந்தது.

"இந்தக் கையை எறக்கட்டுமா தலைவி?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. சத்தியம் செய்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. யாரும் என்னைக் கெடுக்கவில்லை, மிரட்டவில்லை. மில்லில் நிற்பதுபோல நின்றேன், எதிரே இருந்தவர்கள் சொன்னது கேட்டது, அவ்வளவுதான். அவமானமாக இருந்தது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"மன்னிச்சுக்கோக்கா. கேளு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பின் தெருக் குழாய்ல தண்ணி ஏன் பத்து மணிக்கு விடறாங்க?"

இதுவா கேள்வி என்பதுபோல உரக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வயல் வேலைக்குப் போறவங்க விடிஞ்சதும் போயாகணும். பத்து மணிக்குத் தண்ணி வந்தா, வீட்டுக்கு ஒரு பொம்பளை வேலையை விட்டுட்டுக் குடத்தோட நிக்கணும்." பக்கத்தில் தலைகுனிந்திருந்த கொத்தனார் மனைவியைக் காட்டினாள். "இவ புருஷன் விழுந்தான், சரி. இவளுக்குக் கை காலு நல்லாத்தானே இருக்கு? இவ ஏன் வேலைக்குப் போகலைன்னு யாராவது கேட்டீங்களா? தண்ணிக்கு நிக்கறா. அந்த வீடு பாதி சாரத்துலேர்ந்து விழுந்துச்சு, பாதி குழாயடியில விழுந்துச்சு."

மோட்டார் போடுகிறவர் வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். நிறுத்திக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"முன் தெருவுக்கு விட்டு முடிச்சுட்டுப் பின் தெருவுக்கு விடறது. ரொம்ப நாளா அப்படித்தான். மாத்தி விடறதுன்னா விட்டுடலாம், அதுல ஒண்ணும் இல்ல. யாரும் எங்கிட்ட கேக்கலையே."

"நான் கேட்டேனே அத்தை" என்று என்னைப் பார்த்து மெல்ல ஒரு குரல். கொத்தனார் மனைவி. "போன கூட்டத்துல. அதுக்கு முந்தின கூட்டத்துலயும். நீங்க, 'இரும்மா'ன்னீங்க."

எனக்கு ஞாபகம்கூட இல்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது.

ஆய்வாளர் நிலைமை புரியாமல் பேனாவை உருட்டினார். "மேடம், அந்தத் தையல்காரம்மா வீட்டுக்கு என்ன போடட்டும்? மேல வந்துட்டாங்களா, இல்லையா?"

சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஊசியக்காவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால் அது நியாயமும்கூட. அவள் ஊரைச் சோதித்துப் பார்த்தாள், ஊர் தோற்றுவிட்டது. பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டால் யாரும் ஒரு வார்த்தை பேச முடியாது. அவள் காலியாகக் கிடந்த அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததா என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. பிறகு கொத்தனார் மனைவியின் தோளைப் பிடித்து எழுப்பி, முன்பக்கமாகத் தள்ளினாள்.

"எழுதிக்கோ தம்பி. எங்க வீடு மேல வந்துடுச்சு. ஊரு இன்னும் வரல."

"முதல்ல சொன்னதை எழுதிக்கறேன். ரெண்டாவதுக்கு அட்டையில இடம் இல்லையேம்மா."

"ஓரமா எழுது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்று தலையாட்டினேன். எழுதினார். மேலிடத்தில் அதைப் படித்தார்களா, படித்து என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கொத்தனார் வீடு சூளைக்குப் போகவில்லை என்பது தெரியும். மறுநாளிலிருந்து பின் தெருவுக்கு விடியும் முன்பே தண்ணீர் வந்தது; முன் தெருவில் நாலு பேர் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். கொத்தனார் மனைவி களையெடுக்கப் போனாள்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் வழக்கமான கேலி எதுவும் செய்யவில்லை. "நானும் ஜன்னல்கிட்ட நின்னு அந்தக் கையைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். சொல்லியிருக்கலாமே என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை.

அடுத்த கூட்டம் சின்னக் கூட்டம்தான். ஆய்வாளர் கிடையாது, பாதி நாற்காலி காலி. பெஞ்சில் பத்துப் பேரும் பேசி முடித்தார்கள். கொத்தனார் மனைவி தயங்கித் தயங்கி இரண்டு வார்த்தை பேசினாள். உரக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். நான் அவரைத் தாண்டிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு கை பாதி எழுந்து, சந்தேகப்பட்டுக் காதோரம் தங்கி நின்றது. ஊசியக்காவின் கை இல்லை. அவள் மடியில் ஒரு சட்டையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஆடு மேய்ப்பவரின் மருமகளுடையது. அவள் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க" என்று உரக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, மேசையை விட்டு விலகிப் பின்வரிசை வரைக்கும் நடந்து போனேன். அங்கே போனால்தான் எனக்குக் காது கேட்கும்.

"சொல்லும்மா" என்றேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். ஊசியக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.